ஐந்தாம் அத்தியாயம்: மணநீர் ஆக்கும் முறை

கஷாயத்தைப் போல அடுப்பில் வைத்துச் சுண்டக் காய்ச்சாமலும், சர்பத்தைப் போலச் சர்க்கரைப் பாகு சேர்க்காமலும், நல்ல தண்ணீரில் ஒரு வேரையோ இலையையோ பழத்துண்டையோ சிறிது நேரம் இருக்கவிட்டு, அதன் பரிமளத்தை மாத்திரம் வாங்கிக்கொண்டு, அந்த வஸ்துவை அப்புறப்படுத்திவிட்டுப் பருகும் பானத்தையே இந்த அத்தியாயத்தில் மணநீர் என்று குறிப்பிடுகிறோம். இதற்கு வேண்டிய சாமான்கள் சொற்பம், செலவும் சொற்பம். ஆயினும் எளிதாகத் தோன்றும் காரியங்களிலேதான் பிழை எளிதில் புகுந்துவிடுகிறது என்பதற்கு இதுவும் ஓர் உதாரணம். ஜாடி நிறையப் பழத்தை நறுக்கிப் போட்டு, காலையில் போட்டதை மாலை வரையில் அப்படியே வைத்திருந்து, கசப்பும் கலங்கலும் ஏறியபின் பருகிப் பார்த்து, "இதில் என்ன விசேஷம் இருக்கிறது?" என்று கைவிட்டவர்கள் பலர். அவர்கள் போடத் தெரிந்துகொண்டார்களே ஒழிய, எடுக்கத் தெரிந்துகொள்ளவில்லை. எதை எத்தனை நேரம் ஊறவிடலாம், எப்பொழுது வெளியே எடுத்துவிட வேண்டும் என்ற இந்த ஒரு விஷயத்தில் கை தேர்ந்துவிட்டால் மற்றவை தாமே வந்து சேரும். ஆகையால், பின்வரும் பொருள்களை அவை ஊறுவதற்கு எடுத்துக்கொள்ளும் கால அளவையே முக்கியமாகக் கொண்டு விவரிக்கிறோம்.

தமிழ்நாட்டுக்கு இந்த வழக்கம் புதிதன்று. பாதிரிப்பூவோடு சேர்ந்த புதிய மண்பாண்டம் தன்னிடம் ஊற்றிய தண்ணீருக்கும் அந்தப் பூவின் மணத்தைத் தருவதை, கல்லாதவர் கற்றாரோடு பழகி அறிவு பெறுவதற்கு உவமையாக நாலடியார் எடுத்துக் காட்டுகிறது. உவமை என்பது கேட்பவர் யாவரும் அறிந்த பொருளாக இருந்தால்தான் பயன் தரும்; எனவே, கோடையில் பூக்கும் பாதிரியைக் கொண்டு பானைக்கு மணமேற்றுவது அக்காலத்தில் வீட்டுக்கு வீடு தெரிந்த காரியமாக இருந்திருக்க வேண்டும். அந்த மரத்தைத் தல விருட்சமாகக் கொண்ட திருப்பாதிரிப்புலியூர் இன்று கடலூர் நகரின் ஒரு பகுதியாக இருக்கிறது. அந்தக் கடலூர் மாவட்டத்துக் கரையோர மணற்பாங்கிலேயே இன்று வெட்டிவேர் பயிராகி, கோடைக்காலப் பானைகளுக்கு வந்து சேருகிறது. பெருமாள் கோயில்களில் துளசியும் ஏலமும் பச்சைக் கற்பூரமும் சேர்த்துத் தரும் தீர்த்தமும் இந்த இனத்தைச் சேர்ந்ததே.

இதன் பிரயோஜனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இப்பொழுது கடைகளிலும் விளம்பரங்களிலும், பழம் ஊறிய நீர் உடம்பிலுள்ள நச்சுப் பொருள்களையெல்லாம் கழுவி வெளியேற்றிவிடும் என்று சொல்லக் கேட்கிறோம். அந்த வேலையைச் செய்வதற்கு ஈசுவரன் கல்லீரலையும் சிறுநீரகங்களையும் ஏற்கெனவே நியமித்திருக்கிறான். நாலு வெள்ளரித் துண்டங்கள் அவற்றின் உத்தியோகத்தை ஏற்றுக்கொள்ள முடியாது. பழத்திலுள்ள சத்துகளிலும் மிகச் சிறிதளவே இவ்வாறு நீரில் இறங்குகிறது. சத்து வேண்டுமானால் பழத்தைத் தின்பதே உத்தமம். ஆனால் வேறொரு நன்மை மெய்யாகவே உண்டு. வெறும் தண்ணீரை விரும்பாதவர்கள் மணநீரை விரும்பிக் குடிக்கிறார்கள். இனிப்புப் பானங்களின் மேலிருந்த நாட்டமும் அதனால் குறைகிறது. 300 மில்லிலிட்டர் கொண்ட ஒரு புட்டிக் குளிர்பானத்தில் ஏறத்தாழ 30 கிராம் சர்க்கரை இருக்கிறது. பெரியவர் ஒருவர் நாள் முழுவதும் உண்ணும் சேர்க்கைச் சர்க்கரையைச் சுமார் 25 கிராமுக்குள் நிறுத்திக்கொண்டால் மேலும் நலம் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறை கூறுகிறது. ஒரு புட்டியை விலக்கி அந்த இடத்தில் ஒரு கூஜா மணநீரை வைப்பதே இந்த அத்தியாயம் தரக்கூடிய பெரிய ஆரோக்கிய லாபம்.

தண்ணீர்

மணநீருக்கு முதற்பொருள் தண்ணீர். அது சுத்தமாகவும் தன் சொந்த வாசனை இல்லாததாகவும் இருக்க வேண்டும். சந்தேகத்துக்கு இடமுள்ள தண்ணீரைத் தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிஷமாவது கொதிக்கவிட்டு, மூடி வைத்து, நன்றாக ஆறவிட வேண்டும். உதகமண்டலத்தைப் போல 2,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த இடங்களில் தண்ணீர் குறைந்த உஷ்ணத்திலேயே கொதித்துவிடுவதால், அங்கே 3 நிமிஷங்கள் கொதிக்க வேண்டும். கலங்கல் நீரைத் தெளியவைப்பதற்குப் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைக்கும் வழக்கம் சிறந்ததே. அழுக்குத் துகள்கள் ஒன்று சேர்ந்து அடியில் படிந்துவிடும். ஆனால் தெளிந்த நீரெல்லாம் தூய நீராகிவிடாது. தேற்றாங்கொட்டையை நம்பிக் காய்ச்சுவதை விட்டுவிடலாகாது.

நகரத்துக் குழாய்த் தண்ணீரில் சில சமயம் குளோரின் நெடி இருக்கும். துளசி, மல்லிகை முதலிய மென்மையான மணங்கள் அதன் முன் நிற்கமாட்டா. காய்ச்சி ஆறவைத்தால் நெடி போய்விடும். ஆழ்குழாய்க் கிணற்று நீரில் இரும்புச் சத்து மிகுந்திருந்தால் அதில் நெல்லிக்காயைப் போட்ட சிறிது நேரத்தில் நீலங்கலந்த கருமை படர்வதைக் காணலாம். நெல்லியின் துவர்ப்புப் பொருள் இரும்போடு கூடுவதனால் வரும் நிறம் அது. பழம் கெட்டுவிட்டது என்று எண்ணிக் கலங்க வேண்டியதில்லை. வேறு தண்ணீரை உபயோகித்தால் நிறம் வாராது.

பாத்திரம்

வேர்களை ஊறவைப்பதற்கு மண்பானையைப் போன்ற பாத்திரம் வேறில்லை. அதன் சுவரிலுள்ள நுண்ணிய துளைகளின் வழியே கசியும் நீர் வெளிப்புறத்தில் ஆவியாகும்பொழுது, ஆவியாவதற்கு வேண்டிய உஷ்ணத்தை உள்ளேயிருக்கும் நீரிலிருந்தே எடுத்துக்கொள்வதால், நீர் குளிர்ந்துபோகிறது. காற்று வறண்டு வீசும் மதுரை, திருச்சிராப்பள்ளி போன்ற ஊர்களில் பானை நீர் நன்றாகக் குளிரும். காற்றில் ஈரம் மிகுந்த சென்னையிலும் மற்றக் கடற்கரை ஊர்களிலும் அவ்வளவு குளிராது. அதைப் பானையின் குற்றமாகக் கொள்ளலாகாது. புதுப்பானையை முதலில் ஒரு நாள் முழுவதும் தண்ணீர் நிரப்பி வைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, மறுமுறை நிரப்பி உபயோகிக்க வேண்டும். பானையைப் பிரிமனையின் மேலோ ஈர மணலின் மேலோ, வெயில் படாமல் காற்று மட்டும் உலாவும் மூலையில் வைத்து, வாயை மெல்லிய வெள்ளைத் துணியால் கட்டி, அதன்மேல் தட்டு மூடுவது கிரமம். தம்ளரையோ கையையோ உள்ளே விடாமல், நீண்ட காம்புள்ள அகப்பையால் மொண்டு ஊற்ற வேண்டும். வாரத்துக்கு ஒரு முறை பானையைத் தேங்காய் நாரும் வெந்நீரும் கொண்டு தேய்த்து, வெயிலில் முற்றிலும் உலர்த்த வேண்டும். சோப்பு உதவாது, ஏனெனில் துளைகளில் புகுந்த சோப்பின் வாசனை பல நாள் வரையில் போகாது.

பழங்களுக்கு மண்பானை ஏற்றதன்று. புளிப்பும் சாறும் துளைகளில் தங்கிப் புளித்துவிடும். கண்ணாடி ஜாடி, பீங்கான், எவர்சில்வர் ஆகியவையே பழங்களுக்குத் தக்கவை. செம்பிலும் பித்தளையிலும் எலுமிச்சை, ஆரஞ்சு, நெல்லி முதலிய புளிப்புப் பொருள் எதையும் ஊறவைக்கலாகாது. புளிப்புப் பட்டால் செம்பு கரைந்து, களிம்பேறி, குமட்டலையும் வயிற்று வலியையும் விளைவிக்கும். செம்புக் குடத்துத் தண்ணீரை விரும்புகிறவர்கள் அதை வெறும் தண்ணீராகவே குடிக்கட்டும்.

இருவகை ஊறல்

ஆயுர்வேத சாஸ்திரத்தில், மருந்துச் சரக்கைக் குளிர்ந்த நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து வடிப்பது ஹிமம் என்றும், வெந்நீரை ஊற்றிச் சிறிது நேரத்தில் வடிப்பது ஃபாண்டம் என்றும், காய்ச்சி எடுக்கும் கஷாயத்திலிருந்து வேறாகப் பிரித்துச் சொல்லப்பட்டிருக்கின்றன. இந்தப் பாகுபாடு மணநீருக்கு மிகவும் உபயோகமானது. பொருள்களில் மணத்தைத் தரும் எண்ணெய்கள் ஒரு பக்கமும், கசப்பையும் துவர்ப்பையும் தரும் சத்துகள் மற்றொரு பக்கமும் இருக்கின்றன. குளிர்ந்த நீர் மணத்தை மெதுவாக வாங்கிக்கொண்டு, கசப்பைப் பெரும்பாலும் பொருளிலேயே விட்டுவிடுகிறது. வெந்நீரோ இரண்டையும் விரைவாக இழுத்துக்கொள்ளுகிறது. ஆதலால் இலை, பூ, பழம் இவற்றுக்குக் குளிர் ஊறலும், இறுகிய விதை, மரச்சீவல், இஞ்சி இவற்றுக்கு வெந்நீரும் தகும். வேர்களில் வெட்டிவேர் குளிர்ந்த நீருக்கும், நன்னாரி இரண்டுக்கும் இசையும். வெந்நீர் முறையில் பாத்திரத்தைத் திறந்து வைக்கலாகாது. ஆவியோடு பறந்துபோவது நாம் தேடும் மணமே.

வேர்கள்

வேர்கள் நிதானமான சுபாவமுடையவை. வெட்டிவேரின் மணத்தை உண்டாக்கும் எண்ணெய் கனமானது; எளிதில் ஆவியாகாதது; அதனால்தான் பல நாள் உலர்ந்து கிடந்த வெட்டிவேர்த் தட்டியின் மீது தண்ணீர் தெளித்த மாத்திரத்தில் அறை முழுவதும் மறுபடி மணக்கிறது. 5 லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் வேர், அதாவது ஒரு சிறு கைப்பிடி, போதுமானது. வேரின் இடுக்குகளில் மணலும் மண்ணும் ஒட்டியிருக்கும். கழுவும் நீர் தெளிவாக வரும் வரையில் நாலைந்து முறை அலசி, மெல்லிய மல் துணியில் தளர்ச்சியாக முடிந்து, இரவில் பானையில் இட்டால் காலையில், 6 முதல் 8 மணி நேரத்துக்குள், நீர் தயாராகிவிடும். இரண்டு நாளைக்கு ஒரு முறை முடிச்சை எடுத்து, அலசி, கடும் வெயிலில் மொரமொரவென்று காயவைத்தால் மறுபடியும் உபயோகமாகும். இப்படி இரண்டு மூன்று முறைக்குமேல் மணம் மங்கிவிடும். பூசண வாடை சிறிது தோன்றினாலும் அந்த வேரைக் கழித்துவிட வேண்டும். கடையில் வாங்கும்பொழுது விலாமிச்சை வேரோடு இதை மயங்காமலிருப்பது நல்லது. வெட்டிவேர் புல்லினத்தைச் சேர்ந்தது. விலாமிச்சை துளசிக் குடும்பத்துச் செடி. இரண்டும் மணமுள்ளவையே, ஆனால் மணம் வேறு.

நன்னாரியின் பரிமளம் வேரின் பட்டையிலே இருக்கிறது. நடுவிலுள்ள வெண்மையான கட்டைப் பகுதியில் மணம் அநேகமாக இல்லை. ஆகையால் வேரை நன்றாகக் கழுவி, அம்மியிலோ உரலிலோ இலேசாகத் தட்டி, பட்டை பிளந்தவுடன் உள்ளிருக்கும் நரம்பை உருவி எறிந்துவிட வேண்டும். தட்டும்பொழுது எழும் வாசனை வெனிலாவை நினைப்பூட்டினால் அது பிரமை அன்று. இரண்டின் மணப்பொருள்களும் ஒரே அணுக்கள் இடம் மாறி அமைந்த நெருங்கிய உறவினவே. பட்டை 10 கிராமுக்கு 1 லிட்டர் வெந்நீர் ஊற்றி, மூடி, அரை மணி நேரத்தில் வடிகட்டலாம். அவசரமில்லையானால் குளிர்ந்த நீரில் இரவு முழுவதும் ஊறவைக்கலாம். அடுப்பிலேயே வைத்துக் கொதிக்கவிட்டால் நிறம் ஏறும், மணமோ இறங்கிவிடும்.

இலைகள்

இலைகள் வேர்களுக்கு நேர் எதிரானவை. தருவதைச் சீக்கிரத்தில் தந்துவிட்டு, அப்பால் கேடு செய்யத் தொடங்கும். புதினா, துளசி, திருநீற்றுப் பச்சிலை, கற்பூரவல்லி ஆகிய யாவற்றிலும் மண எண்ணெய் இலையின் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய சுரப்பிகளிலேயே தங்கியிருக்கிறது. இந்தச் சுரப்பிகளைத் திறப்பதற்கு இலையைக் கசக்கவோ நசுக்கவோ வேண்டியதில்லை; உள்ளங்கையில் இலைகளை வைத்து மற்றொரு கையால் ஒரு தட்டுத் தட்டினால் போதும். கசக்கினால் இலையின் பச்சைச் சாறு வெளிவந்து, நீரில் பச்சைப்புல் நாற்றமும் கசப்பும் கலந்துவிடும். 1 லிட்டர் நீருக்குப் புதினா 8 அல்லது 10 இலைகள். துளசி 10 அல்லது 12. திருநீற்றுப் பச்சிலை 5 அல்லது 6. கற்பூரவல்லியானால் ஒரே இலை. நேரம் 1 முதல் 2 மணி. அதற்குமேல் இலையின் ஓரம் கறுக்கத் தொடங்கும்; கறுப்பு தோன்றுவதற்கு முன்னரே எடுத்துவிட வேண்டும்.

துளசியில் யூஜினால் என்னும் பொருள் இருக்கிறது. கிராம்பின் காரமணத்துக்குக் காரணமானதும் அதுவே. ஆகையால் துளசி நீரில் கிராம்பையும் சேர்ப்பது, சொன்னதையே திருப்பிச் சொல்வதாகும். அதற்குப் பதிலாக ஓர் ஏலக்காயைத் தட்டிப் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று விளங்கச் செய்யும். எலுமிச்சம்புல்லின் தாளைக் கழுவி, முடிச்சாக முடிந்து, வெந்நீரில் 10 நிமிஷம் வைத்தெடுத்து ஆறவைத்தால், எலுமிச்சைத் தோலின் வாசனை புளிப்பில்லாமல் கிடைக்கும். நீர்மோருக்குக் கிள்ளிப்போடும் நாரத்தை இலையும் எலுமிச்சை இலையும் தண்ணீருக்கும் பொருந்துபவை. நடு நரம்பை நீக்கி, இரண்டு இலைகளைக் கிழித்துப் போட்டு, அரை மணி நேரத்தில் எடுத்துவிடலாம்.

பழங்களும் காய்களும்

எலுமிச்சையில் மூன்று பகுதிகள் உண்டு: மஞ்சள் மேற்தோலில் மணமும், உள்ளே சாற்றில் புளிப்பும், இரண்டுக்கும் நடுவிலுள்ள வெள்ளைப் பஞ்சில் கசப்பும் இருக்கின்றன. காலை வெயில் சாயும் ஜன்னலருகே நின்று, தோலில் ஒரு சிறு துண்டை ஒளிக்கு எதிராகப் பிடித்து மடித்தால், புகைபோல நுண்ணிய துளிகள் சீறிப் பாய்வதைக் கண்ணாலேயே காணலாம். நீருக்கு வேண்டியது அந்தத் துளிகள்தாம். ஆகவே, வட்டமாக நறுக்கிய துண்டங்களைப் போடுவதானால், 1 லிட்டருக்கு மெல்லிய 4 துண்டங்களை விதைகளை அகற்றிப் போட்டு, 1 மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். 2 மணி தாண்டினால் பஞ்சின் கசப்பு இறங்கிவிடும். அதிக நேரம் வைக்க விரும்புவோர் கூரிய கத்தியால் மேற்தோலை மாத்திரம் வெள்ளை ஒட்டாமல் சீவி, அந்தச் சீவல் இரண்டைப் போட்டு 4 மணி நேரம் வரையில் விடலாம். கமலா ஆரஞ்சு, சாத்துக்குடி, நாரத்தை எல்லாவற்றுக்கும் விதி இதுவே. தோலை உபயோகிப்பதால், பழத்தை ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவ வேண்டியது அவசியம்.

வெள்ளரி சாந்தமானது, அதன் மணத்துக்கு அவசரமும் இல்லை, ஆரவாரமும் இல்லை. சில காய்களில், முக்கியமாகக் காம்புப் பக்கத்தில், கசப்பு ஒளிந்திருக்கும். நறுக்குவதற்கு முன் காம்புப் பக்கத்தை ஓர் அங்குலம் வெட்டிவிட்டு, அடுத்த துண்டை வாயிலிட்டுப் பார்க்க வேண்டும். கசந்தால் அந்தக் காயையே விலக்கிவிட வேண்டும். இளம் பிஞ்சாக 10 வில்லைகள், 1 லிட்டர் நீர், குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 4 மணி நேரம்: இவ்வளவே அதன் முறை. நெல்லிக்காயில் ஒன்றைக் கொட்டை நீக்கிச் சீவிப் போட்டு 2 மணி நேரம் வைத்தால், குடித்த நீர் முதலில் சற்றே துவர்த்துப் பிறகு தித்திக்கும். அன்னாசியில் 4 சிறு துண்டங்களும், மாதுளையில் ஒரு கைப்பிடி முத்துக்களை இலேசாக நசுக்கியும் போடலாம். குளிர்சாதனப் பெட்டியில் 3 மணி நேரம் போதும்.

எல்லாப் பழங்களும் இந்தக் காரியத்துக்கு உதவா. வாழைப்பழம், சப்போட்டா, பழுத்த மாம்பழம், பப்பாளி ஆகியவற்றின் சதை கரைந்து நீரைக் கலங்கச் செய்யுமேயன்றி மணத்தைப் பிரித்துத் தராது. தர்ப்பூசணி 2 மணி நேரத்துக்குள் பஞ்சாகிவிடும். உடனே பருகுவதானால் மட்டுமே அதைப் போடலாம்.

நறுக்கிய பழம் ஊறிய நீரைக் கோடை வெப்பத்தில் வெளியே 2 மணி நேரத்துக்குமேல் வைக்கலாகாது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாலும் பழத்தை உரிய நேரத்தில் எடுத்துவிட்டு, வடித்த நீரை அன்றைக்கே, தவறினால் 24 மணி நேரத்துக்குள், தீர்த்துவிட வேண்டும். நீரில் நுண்ணிய குமிழிகள் எழுந்தாலோ, ஜாடியின் சுவர் வழுவழுத்தாலோ முகர்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், கொட்டிவிடுக. புளிப்பு நீரை நாள் முழுவதும் சிறிது சிறிதாக உறிஞ்சிக்கொண்டிருப்பது பல்லின் மேற்பூச்சைத் தேய்க்கும். வேளைக்கு ஒரு தம்ளராகக் குடித்து, வெறும் நீரால் வாய் கொப்புளித்துவிடுவது நலம்.

விதைகளும் மரச்சீவலும்

கேரளத்தில் உணவு விடுதியில் உட்கார்ந்தவுடன் முதலில் வருவது இளஞ்சிவப்பான வெதுவெதுப்புத் தண்ணீர்; அந்த நிறத்தைத் தருவது பதிமுகம் என்னும் மரத்தின் சீவல். நாட்டுமருந்துக் கடைகளில் கிடைக்கும் இதில் ஒரு சிட்டிகையை 1 லிட்டர் தண்ணீரில் இட்டு 2 நிமிஷம் கொதிக்கவைத்து வடித்தால் போதும். இதன் நிறம் ஒரு வேடிக்கை காட்டும்: தம்ளரில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விழுந்தவுடன் சிவப்பு மறைந்து மஞ்சளாகிவிடும். புளிப்பில் மஞ்சளாகவும் காரத்தில் சிவப்பாகவும் தோன்றுவது அந்தச் சாயத்தின் இயற்கை. ஆகையால் இளஞ்சிவப்பு நிறத்தை விரும்புகிறவர்கள் பதிமுகத்தோடு பழம் எதையும் சேர்க்கலாகாது.

சீரகம் 2 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி. 5 நிமிஷம் கொதித்தபின் மூடி ஆறவைத்து வடிக்க வேண்டும். தனியாவையும் பெருஞ்சீரகத்தையும் இரவில் ஒன்றிரண்டாக இடித்துக் குளிர்ந்த நீரில் ஊறவைத்துக் காலையில் வடிக்கலாம். ஓமம் காரமானது, 2 லிட்டருக்கு அரைத் தேக்கரண்டிக்குமேல் போட்டால் மணநீர் மருந்துநீராகிவிடும். சப்ஜா விதை மணத்துக்காக அன்றிக் கண்ணுக்கும் நாவுக்கும் உரியது. கால் மணி நேரம் தனியே ஊறவைத்து, நன்றாக உப்பியபின் பரிமாறும் சமயத்தில் ஒரு கரண்டி சேர்க்கலாம். ஊறாத விதையைக் குழந்தைகளுக்கு ஒருபோதும் கொடுக்கலாகாது.

பூக்கள்

பூக்களில் ஜாக்கிரதை மிகுதியாக வேண்டும். சந்தையிலும் பூக்கடையிலும் விற்கும் மலர்கள் உண்பதற்காகப் பயிரிட்டவை அல்ல; அவற்றின்மேல் பூச்சிமருந்து தெளித்திருப்பார்கள். எனவே வீட்டுத் தோட்டத்தில் மருந்தில்லாமல் பூத்த மலர் கிடைத்தாலன்றி இதில் இறங்க வேண்டாம். அரளி விஷம், அதை எந்த வடிவிலும் தண்ணீரில் சேர்க்கலாகாது.

மல்லிகையின் அருமை என்னவென்றால், செடியிலிருந்து பறித்தபின்னும் மொட்டு மலர்ந்து மணம் வீசிக்கொண்டே இருப்பதுதான். தாய்லாந்தில் இந்தக் குணத்தைப் பயன்படுத்தி, மாலையில் மொட்டுகளை நீரின்மேல் மிதக்கவிட்டு, மூடிவைத்து, காலையில் எடுத்துவிட்டு, அந்த நீரைப் பருகவும் பணியாரங்கள் செய்யவும் உபயோகிக்கிறார்கள். நாமும் 1 லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் 10 அல்லது 12 மொட்டுகளைக் காம்பு நீக்கி மிதக்கவிட்டு அவ்வாறே செய்யலாம். மலர்கள் பழுப்பாவதற்கு முன் எடுத்துவிட வேண்டும். பன்னீர் ரோஜாவானால் இரண்டு மலர்களின் இதழ்களை அடி வெண்மையைக் கிள்ளிவிட்டு 2 மணி நேரம் ஊறவிடுவது போதும்.

பச்சைக் கற்பூரத்தைப் பற்றியும் இங்கேயே எச்சரிப்பது தகும். கோயில் தீர்த்தத்தில் அது இருப்பது கடுகளவினும் சிறிது. பூஜையில் ஏற்றும் கட்டிக் கற்பூரம் உண்ணத் தக்கதன்று; அது விஷம். பச்சைக் கற்பூரமும் அளவு மீறினால், முக்கியமாகக் குழந்தைகளுக்கு, வலிப்பு வருவிக்கக் கூடியது. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இருக்கும் வீட்டில் அதை அறவே விட்டுவிடுவதே விவேகம்.

சேர்க்கைகள்

ஒரு ஜாடியில் இரண்டு மணங்களுக்குமேல் வேண்டாம். பாட்டுக்குப் பின்னால் தம்பூரா ஒலிப்பதைப் போல மணம் தண்ணீருக்குப் பின்னால் நிற்க வேண்டுமே அன்றி, முன்வந்து நிற்கலாகாது. கீழ்க்கண்டவை பழகிய சேர்க்கைகள்; அளவுகள் 1 லிட்டருக்கு உரியவை.

காலைக்கு: வெள்ளரி 8 வில்லை, புதினா 6 இலை. வெள்ளரியை முதலில் இட்டு, 2 மணி நேரத்துக்குப் பின் புதினாவைச் சேர்த்து, அடுத்த 1 மணியில் இரண்டையும் எடுத்துவிடுக.

நடுப்பகலுக்கு: இரவு வெட்டிவேர் ஊறிய பானை நீர், பரிமாறுவதற்கு அரை மணி நேரம் முன் அதில் எலுமிச்சைத் தோலின் ஒரு சீவல். நீரை முதலில் கண்ணாடி ஜாடிக்கு மாற்றிக்கொண்டே எலுமிச்சையைச் சேர்க்க வேண்டும்.

விருந்துக்கு: நன்னாரிப் பட்டை 5 கிராம் இரவு ஊறிய நீர், காலையில் வடித்தபின் கமலா ஆரஞ்சு 3 துண்டம், 1 மணி நேரம்.

இரவு உணவுக்குப் பின்: துளசி 8 இலை, தட்டிய ஏலக்காய் 1, வெதுவெதுப்பான நீரில் 20 நிமிஷம்.

மழைக்காலத்துக்கு: இஞ்சி 5 வில்லை, எலுமிச்சம்புல் ஒரு முடிச்சு, கொதித்திறக்கிய நீரில் மூடி 10 நிமிஷம்.

ஒன்றாகப் போட்டு ஒன்றாக எடுக்கும் பழக்கம் இந்தச் சேர்க்கைகளில் அரிதாகவே இடம்பெறுவதை வாசகர் கவனித்திருக்கலாம். நிதானமான பொருள் முன்னே செல்ல வேண்டும். விரைவான பொருள் பின்னே சேர வேண்டும். இவ்விதியை மனத்தில் கொண்டால் இங்கே சொல்லாத சேர்க்கைகளையும் தாமே அமைத்துக்கொள்ளலாம்.

பிழையும் பரிகாரமும்

நீர் கசந்தால், எலுமிச்சைப் பஞ்சோ கசங்கிய இலையோ நெடுநேரம் இருந்திருக்கிறது என்று பொருள். அந்நீரோடு இன்னொரு பங்கு வெறும் நீரைச் சேர்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். சர்க்கரையையோ தேனையோ சேர்த்துக் கசப்பை மறைக்க முயல்வது, எதற்காக இந்தப் பானத்தை நாடினோமோ அந்த நோக்கத்தையே கெடுப்பதாகும். மணம் போதவில்லையானால் பொருளைக் கூட்டுவதற்குமுன் இரண்டு காரியங்களைச் சோதிக்க வேண்டும்: நீர் அளவுக்கு மீறிக் குளிர்ந்திருக்கிறதா, பாத்திரம் மூடியிருந்ததா என்பவை அவை. பனிக்கட்டி போலக் குளிர்ந்த நீரில் மணம் மெதுவாகவே இறங்கும். குடிக்கும்பொழுது நாவும் மூக்கும் அதை உணர்வதும் குறைவு. நெடுநேரம் ஊறும் பழங்களையும் காய்களையும் தவிர மற்றவற்றைச் சாதாரண நீரில் ஊறவைத்து, பொருளை எடுத்துவிட்டு, அதன்பின் குளிரவைப்பதே சரியான வரிசை. பானை நீரில் மண்வாசனையை மீறி வேறொரு மக்கிய வாடை வந்தால் பெரும்பாலும் வேரின் முடிச்சே காரணம்; முடிச்சை மாற்றிப் பானையையும் தேய்த்து உலர்த்திவிட்டால் வாடை போய்விடும்.

சிறுநீரக நோயாலோ இருதய நோயாலோ தண்ணீரின் அளவைக் கட்டுப்படுத்திக்கொண்டிருப்பவர்கள், மணம் ஊறியதென்பதற்காக அந்த அளவை மீறலாகாது. அன்றாடம் மருந்து உண்பவர்கள் வேர்நீர் வகைகளை வழக்கமாக்குவதற்கு முன் தம் வைத்தியரைக் கேட்டுக்கொள்வது நலம்.

முதன்முதலாகத் தொடங்குகிறவர் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்து பார்க்க முயல வேண்டாம். ஒரு வேரையும் ஓர் இலையையும் எடுத்துக்கொண்டு, ஒரு மணிக்கு ஒரு முறை ஒரு மடக்குக் குடித்துப் பார்த்து, மணம் எப்பொழுது நிரம்புகிறது, கசப்பு எப்பொழுது தலைகாட்டுகிறது என்று தம் வீட்டுத் தண்ணீரில் தாமே குறித்துக்கொண்டால், அந்தக் குறிப்பு இந்த அத்தியாயத்தின் அளவுகளைவிட அவருக்கு அதிகமாகப் பயன்படும். ஏனெனில் ஊருக்கு ஊர் தண்ணீரும் பருவத்துக்குப் பருவம் இலையும் மாறுகின்றன. இனிப்பும் புளிப்பும் கூடிய பானகம், சர்பத், நீர்மோர் ஆகியவற்றின் முறைகளை அடுத்த அத்தியாயத்தில் காண்போம்.